ஈரக் கல்லில் ஒட்டிய பூ

கோயமுத்தூர்ச் சீமையில் பிறந்துவிட்டு மழை பிடிக்காது என்று சொல்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்தப் பக்கத்து ஆட்கள் வானத்தில் கையகல மேகம் தெரிந்தாலே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். நாலு தூறல் விழுந்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கிழவிக்குக் குளிர் ஆகாது என்று என் மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். குளிர் என்னை ஒன்றும் செய்யாது.

எழுதப் படிக்க நான் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன், ஊரை விட்டு டவுனுக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த பிறகு. இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த வெள்ளத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். கோயில் நோம்பித் திருவிழாவில் மைக் வைத்துக்கூடச் சொன்னார்களாம். கேட்டவர்களுக்கு மயிர் கூச்செறிந்ததாம். அந்தக் கதையில் என் அம்மா இல்லை, அக்கா இல்லை, அக்கா பெற்ற பிள்ளையும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. தொண்டாமுத்தூருக்குக் கிழக்கே நொய்யலை ஒட்டி எங்கள் ஊர். ஊர் மேட்டில் இருந்தது. மேட்டுக்குக் கீழே குளம், குளத்தின் கரைக்குக் கீழே வயல், வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் எங்கள் வளவு. பண்ணையத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்த வளவில்தான் குடிசை போட்டிருந்தோம். முன்னால் குளம், பின்னால் ஆறு. ஏன் இந்தப் பள்ளத்தில் இருக்கிறீர்கள் என்று யாராவது வெளியூர்க்காரர் கேட்டால், அவங்க பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் பதில் சொல்வார்கள். பாட்டனுக்கும் பூட்டனுக்கும் வேறு எங்கே இடம் கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

வளவிலிருந்து மேட்டுக்கு வர இரண்டு வழி உண்டு. ஒன்று ஆற்றோரமாகப் போகும் இட்டேறி. இரண்டு பக்கமும் கள்ளி வேலி போட்ட அந்தச் சந்துப் பாதை, நாலு நாள் மழை பெய்தால் பாதையாக இருக்காது, ஓடையாகிவிடும். இன்னொன்று குளத்துக் கரையில் ஏறி, கரைக் கோடியில் இருக்கிற அம்மன் கோயிலுக்கு முன்னால் நடந்து, அப்பால் இருக்கிற பாறைக்காட்டுக்குப் போகிற வழி. எங்கள் வளவு ஆட்கள் கோயிலுக்குள் போக முடியாது. ஆனால் படிக்கட்டுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நடந்து போகலாம். அந்த மட்டுக்கும் அம்மன் எங்களுக்கும் தாய்தான்.

வீட்டில் அம்மா, அக்கா, நான். அப்பா நான் நடை பழகும்போதே போய்விட்டார். அக்காவின் புருஷன் எங்கள் வளவுக்காரர்தான். மழை பொய்த்துப் பண்ணையத்தில் வேலை இல்லாமல் போனதும், கங்காணி ஒருவன் பேச்சைக் கேட்டு வால்பாறை டீ எஸ்டேட்டுக்கு மலையேறிவிட்டார். பிள்ளை பிறக்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் ஊரில் பெரிய பண்ணாடி வீட்டுக் கட்டுத்தரையில் வேலை செய்தேன். பண்ணாடி என்றால் பண்ணையத்துக்காரர், எங்களுக்கெல்லாம் எசமானர். அவருடைய மாடுகளுக்குத் தீவனம் போடுவது, சாணி வழிப்பது, கூட்டுவது எல்லாம் என் பாடு. வயது பதினைந்து பதினாறு இருக்கும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டபோது அக்காவுக்கு வலி கண்டது. அம்மாவே பிரசவம் பார்த்தாள். பிள்ளை பிறந்த சேதி வருவதற்கு முன்பே பண்ணாடி வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, தீட்டுக் கழிகிற வரைக்கும் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"போனீன்னா மறுக்கா இங்க வர முடியாது கண்ணு. மாட்டப் பாக்க ஆளு வேணுமில்ல. இங்கியே வைக்கப்போர்ச் சாளையில படுத்துக்க" என்றார்.

எங்கள் பக்கத்துப் பேச்சு இனிப்பானது என்று வெளிச்சீமைக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். கண்ணு என்றும் அம்மணி என்றும் சொல்லித்தான் எதையும் மறுப்பார்கள். நான் வைக்கோல் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா மழையில் நனைந்துகொண்டு வந்து வேலிக்கு அப்பால் நின்றாள். கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தாள். நாங்கள் அதைக் கொங்காடை என்போம், ஏழைக்கு அதுதான் குடை. பெண் பிள்ளை, சுகமாக இருக்கிறது, அக்காவும் சுகம் என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் நான்தான் கடைசி. எனக்கப்புறம் பிறந்த முதல் உயிர் அது. யார் சாடை, அக்கா சாடையா மாமா சாடையா, மூக்கு எப்படி, நிறம் எப்படி என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கேட்டேன்.

அம்மா சிரித்தாள். "நீயே வந்து பாத்துக்க. தீட்டுக் கழிஞ்சா நீதான இடுப்புல வெச்சுட்டுத் திரியப் போற."

எங்கள் அம்மா அதிகம் சிரிக்கிறவள் இல்லை. அதனால் அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஆற்றுக்குப் போக, கரைக் கோடியில் கோயிலுக்குப் பக்கத்தில் கருங்கல்லால் ஒரு வாய் கட்டியிருந்தது. அதற்குக் கலிங்கு என்று பெயர். கட்டினவன் எந்தக் காலத்து ராசாவோ தெரியாது, புத்தியுள்ளவன். எவ்வளவு தண்ணீர் நின்றால் கரை தாங்கும் என்று பார்த்து அந்த மட்டத்தில் வைத்திருந்தான். ஆனால் அதற்கு முந்திய வருஷங்களில் மழையே இல்லை. குளத்தில் ஆடு மேய்ந்தது. கிணறுகளில் பாறை தெரிந்தது. தண்ணீர் இறைக்கிற மாடுகளை விற்றுவிட்டு ஆட்கள் மில்லுக்கும் மலைக்கும் போனார்கள். அந்த வருஷம் ஆற்றில் முதல் தண்ணீர் வந்ததும் ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்த கதைதான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலிங்கு வழியாகப் போய்விடக் கூடாது என்று, கலிங்கின் மேல் பனங்கட்டைகளைக் குறுக்கே போட்டு, வைக்கோலும் களிமண்ணும் மிதித்து அப்பி, இடுப்பு உயரத்துக்குச் சுவர் வைத்தார்கள். மிதித்தது எங்கள் வளவு ஆட்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். எங்கள் ஊரில் போட்டார்கள், வேண்டாத இடத்தில் போட்டார்கள்.

போட்டதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. யாராவது கீழ்ப் பக்கத்துக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து வெட்டிவிடுவானோ என்று பயந்து, நடுக் கட்டையில் மஞ்சள் துணியால் அம்மன் பெயரில் காப்புக் கட்டினார்கள். வயல் அறுத்துப் பொங்கல் வைக்கிற வரைக்கும் அந்தக் காப்பை அவிழ்க்கக் கூடாது. இடையில் அவிழ்ப்பதென்றால் அம்மனே உத்தரவு கொடுக்க வேண்டும். உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்: பூசாரி அம்மன் தோளிலே இரண்டு பக்கமும் பூ வைத்து வேண்டிக்கொள்வார், வலப்பக்கத்துப் பூ விழுந்தால் செய்யலாம், இடப்பக்கத்துப் பூ விழுந்தால் கூடாது. கல்யாணம், கிணறு வெட்டு, மாடு வாங்குவது, எல்லாவற்றுக்கும் பூக் கேட்டுத்தான் செய்வார்கள்.

மழை விடவில்லை. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. சாதாரணமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து கடக்கிற ஆறு எங்கள் நொய்யல். அது இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. கட்டுத்தரையில் இருந்தாலே எனக்குக் கேட்கும். மாடுகள் தீவனத்தில் வாய் வைக்காமல் அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு நின்றன. வேரோடு சாய்ந்த மரங்களும், யார் வீட்டுக் கூரையோ ஒன்றும், செத்த ஆடுகளும் மிதந்து போனதாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் ஆறு வளவின் கடைசிக் குடிசைகளுக்குள் வந்துவிட்டது. இட்டேறி போய்விட்டது. வளவு ஆட்கள் சட்டிபானையையும் கோழியையும் தூக்கிக்கொண்டு கரையேறி, அம்மன் முன்னால் தலையைக் குனிந்து நடந்து, பாறைக்காட்டில் போய் நனைந்துகொண்டு நின்றார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், எங்கள் வீட்டைத் தவிர. பிள்ளை பெற்ற தீட்டோடு அக்கா அம்மன் முன்னால் எப்படி நடப்பாள்? கோயிலுக்குப் பின்பக்கம் குளம், இந்தப் பக்கம் கலிங்கு. சுற்றிக்கொண்டு போக வழியில்லை.

இதற்குள் குளம் கரை முட்டிவிட்டது. மேலே இருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து விழுந்துகொண்டே இருந்தது. கலிங்கில் களிமண் சுவர் பிடித்து நிறுத்தியிருந்தது. கரையின் நடுவில், வளவுக்கு நேர் மேலே, கசிவு கண்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த வளவு ஆட்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு கலிங்குக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் காப்பைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். அவர்களை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. காப்பு இருக்கும்போது வெட்டினால் கை விளங்காமல் போய்விடும் என்று அவர்களுக்கே பயம். பெரிய பண்ணாடியும் ஊர்ப் பெரியவர்களும் வந்து சேர்ந்தார்கள். வெட்டத்தான் வேண்டும் என்று பண்ணாடி சொல்லிவிட்டார். ஆத்தாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுவோம் என்றும் சொன்னார். பூசாரியைக் கூட்டிவர ஆள் போயிற்று.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் அன்றைக்கு அது தலைகீழ். பூசாரி வரம் கொடுக்கத் துடித்தார். அவர் வயலும் கரைக்குக் கீழேதான் இருந்தது.

அதே நேரத்தில், குளத்துத் தண்ணீர் கட்டுத்தரைப் பக்கம் ஏறுகிறது என்று, பண்ணாடி வீட்டு மாடுகளைப் பாறைக்காட்டுக்கு ஓட்டிப்போகச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அவற்றில் ஒரு பசு, அக்காவுக்கு ஒரு நாள் முந்திக் கன்று போட்டிருந்தது. கன்றுக்கு வழுக்குகிற பாதையில் கால் நிற்கவில்லை. அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். தாய்ப் பசு என் பின்னாலேயே வந்தது. அம்மன் முன்னால்தான் போனோம். படிக்கட்டில் நின்றவர்கள் பசுவுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பசுவுக்குத் தீட்டு இல்லை.

பாறைக்காட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து எல்லாம் தெரியும்: கோயில், கலிங்கு, கரை, கரைக்குக் கீழே வளவு. கோயில் பக்கமாகக் கரையின் அடிவாரத்தில் வேலமரத்தடியில் அம்மாவும் அக்காவும் வந்து நின்றிருந்தார்கள். அதற்கு மேல் வராமல், கோயில்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று காத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கொங்காடை. அக்கா மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்திருந்தாள்.

நான் கையை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் மூட்டையைக் கொஞ்சம் தூக்கி, என் பக்கமாகச் சாய்த்து, மேல் துணியை விலக்கிக் காட்டினாள். அவ்வளவு தூரத்தில், அந்த மழையில், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தெரிகிறது என்று தலையை ஆட்டினேன். அவள் துணியை மூடிக்கொண்டாள்.

கோயிலுக்குள் பூ வைத்தார்கள். அரளிப் பூ. வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். பூ விழவில்லை. வலமும் விழவில்லை, இடமும் விழவில்லை. எடுத்துவிட்டு வேறு பூ வைத்தார்கள். கற்பூரம் ஈரத்தில் பற்றவில்லை, பந்தத்தைக் காட்டினார்கள். பூ அப்படியே இருந்தது.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு மழைநாள் சன்னல் கல்லில் வாழையிலைக் கிழிசல் ஒன்று ஒட்டியிருந்தது, காற்று எவ்வளவு அடித்தும் விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ந்த நாளில் கல் உலர்ந்திருக்கும், பூ வாடினால் தானே உதிரும். நாள் கணக்கில் மழை பெய்து சுவரும் தூணும் சிலையும் வேர்த்துக்கொண்டிருக்கிறபோது, நனைந்த பூவை நனைந்த கல்லில் வைத்தால் கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆண்டவனே நினைத்தாலும் விழாது. அந்த ஊரில் இதை யோசிக்க ஒரு தலை இல்லை. எல்லாரும் கிணறு வெட்டத் தெரிந்தவர்கள், மாட்டுக்குப் பல் பார்த்து வயது சொல்லத் தெரிந்தவர்கள். மழையில் கல் நனையும் என்பது மட்டும் தெரியவில்லை. தெரியாமல் என்ன, தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தார்கள்.

பூசாரி வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். "எங்கியோ தீட்டு நிக்குதுங்க. ஆத்தா மொகங் குடுக்க மாட்டீங்கறா" என்றார்.

யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு வாய்க்கு வாய் மாறிக் கரையோடு போயிற்று. தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே வேலமரத்துப் பக்கம் திரும்பின. போ என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பார்த்தார்கள், அதோடு சரி. அந்தக் கூட்டத்தில் எங்கள் வளவு ஆட்களும் இருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள்.

அம்மா இரண்டு எட்டு மேலே வந்து, பண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் பிறகு எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள், பெருமையாக.

"எங்களால எல்லாத்துக்கும் எடஞ்சல் வேண்டாமுங்க சாமி. நாங்க ஊட்டுக்கே போயர்றமுங்க. பூ உழுந்ததீம் ஒரு சத்தம் குடுங்க, வந்தர்றோம்."

"சித்த நேரந்தான் அம்மணி. உழுந்ததீம் நானே ஆளனுப்பறேன்" என்றாராம் பண்ணாடி.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆள் அனுப்பியிருப்பார். அவர் கெட்டவரும் இல்லை. தலையில் துணிகூட இல்லாமல் அந்த மழையில் நின்று, ஆத்தா, கண்ணைத் திற என்று அழுதுகொண்டிருந்த மனுஷன். கெட்டவராக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு ஆறியிருப்பேன். என் கோபமெல்லாம் இன்றுவரை அம்மா மேல்தான். உன்னை ஒருத்தரும் துரத்தவில்லையே, அந்த வேலமரத்தடியிலேயே நின்றிருக்கக் கூடாதா? அம்மன் கண்ணில் படாமல் அத்தனை தூரம் போகத்தான் வேண்டுமா? ஆனால் எனக்குத் தெரியும், ஏன் போனாள் என்று. தான் நின்றதால் பூ விழவில்லை, கரை உடைந்தது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. ஊர் பிழைக்க வேண்டும் என்றுதான் அவள் கீழே இறங்கினாள்.

முன்னால் அம்மா, பின்னால் அக்கா. அக்கா ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாள். பச்சை உடம்பு. வயல் வரப்பில் முழங்கால் தண்ணீர். நான் அவர்கள் வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளில் கன்று சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி பூ வைத்தார்கள்.

கரை உடைந்தபோது இடி விழுந்த மாதிரி இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. வண்டியிலிருந்து கல்லைக் கொட்டினால் ஒரு சத்தம் வருமே, அதுதான் கேட்டது. கசிந்த இடத்தில் கரை உள்வாங்கியது. பிறகு குளம் அந்த வழியாகப் போயிற்று. வயல் எங்கே, வளவு எங்கே, ஆறு எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குடிசைகளின் கூரைகள் கவிழ்த்துப் போட்ட கூடைகளாகச் சிறிது தூரம் மிதந்தன. எது எங்கள் கூரை என்று நான் தேடினேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் அதுதான் தெரிய வேண்டியிருந்தது, எது எங்கள் கூரை என்று.

அப்போது கோயிலுக்குள்ளிருந்து ஒரு கூச்சல். கரை உடைந்த அதிர்ச்சியில் கோயில் குலுங்கியிருக்கிறது. பூ விழுந்துவிட்டது. வலப்பக்கம்.

பூசாரி அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். படிக்கட்டில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பொம்பளைக்கு அருள்கூட வந்தது. ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், மனுஷன் கை வைக்கக் கூடாது என்று தானே வெட்டிவிட்டாள் என்றார்கள். அதுதான் மைக்கில் சொன்ன கதை. அந்தக் கதை எப்போதும் ஒரே மாதிரி முடியும்: அவ்வளவு பெரிய வெள்ளத்தில் ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. ஊரில் போகவில்லை. வளவு ஊரில் சேர்த்தி இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அம்மாவைக் கிழக்கே ஒரு தோட்டத்து முள்வேலியில் கண்டெடுத்தார்கள். அவள் வலது கையில் கோணிச் சாக்கின் ஒரு கிழிசல் இருந்தது. அக்காவும் பிள்ளையும் கிடைக்கவில்லை. பண்ணாடி கோடித் துணி வாங்கிக் கொடுத்து, அடக்கம் பண்ணுகிற இடத்துக்கே வந்து தூரத்தில் நின்று அழுதார். பண்ணாடி வீட்டம்மா, நானே எழுந்து வருகிற வரைக்கும் கட்டுத்தரைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். பூசாரி மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவராகவே வழியில் நின்று, நடந்தது எல்லாம் ஆத்தாவுடைய சித்தம் என்று ஆரம்பித்தார். நான் சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவர் பேசப் பேச அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே போய்விட்டார்.

கரையைத் திரும்பக் கட்ட எங்கள் வளவு ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். நானும் மண் சுமந்தேன். வளவை அதே இடத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார்கள். அடுத்த ஐப்பசியில் கலிங்கின் மேல் மறுபடி களிமண் ஏறியது, போன வருஷத்தைவிட நாலு விரல் குறைவாக. காப்பும் கட்டினார்கள்.

மலைப் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் வால்பாறையிலிருந்து ஆள் இறங்க வழியில்லாமல் இருந்தது. வெள்ளம் வந்த அந்த வருஷமே, மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் நான் கரையில் மண் கொட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். வழியிலேயே அவருக்கு எல்லாம் சொல்லிவிட்டார்கள். அழுது முடித்த முகமாக இருந்தது. கையில் ஒரு சிறிய கம்பளிக் குல்லாய் வைத்திருந்தார். மலைக் குளிருக்கு எஸ்டேட்டில் பிள்ளைகளுக்கு மாட்டுவார்களாம், யாரோ ஒரு பொம்பளையிடம் சொல்லிப் பின்ன வைத்தாராம். பிறந்தது ஆணா பெண்ணா என்பதே அவருக்கு அன்று காலையில்தான் தெரியும். எதற்கும் ஆகட்டும் என்று சிவப்பு நூலில் பின்னச் சொல்லியிருக்கிறார்.

கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வளவு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மணல் மேடிட்டுக் கிடந்தது. எப்படி நடந்தது என்று கேட்பார், பூவைப் பற்றிக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வாயில் வைத்திருந்தேன்.

அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"புள்ள யாரு சாடைங்கம்மணி?" என்றார்.

எனக்கு ஒரு முகமும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் அந்தக் கன்றின் முகம்தான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஈர மூக்கு, ஒரு கண்ணின் மேல் மட்டும் கறுப்பு வளையம். அதை நான் இன்றைக்கும் தப்பில்லாமல் சொல்வேன்.

"உங்க சாடைதானுங்க மாமா. அப்படியே உங்க மூஞ்சி" என்றேன்.

அவர் குல்லாயை மடியில் வைத்துவிட்டு, தன் மூக்கையும் கன்னத்தையும் தாடையையும் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.